அருண் கேத்ரபால்: ஆறு மாத சர்வீஸும் பசந்தர் ஆற்றங்கரையும்

கேள்வி இது: "பரம்வீர் சக்ரா வாங்கிய அருண் கேத்ரபால் ராணுவத்தில் சேர்ந்து ஆறே மாதம்தான் ஆகியிருந்தது. எரிகிற டாங்கியை விட்டு இறங்கு என்று சொன்னதைக் கேட்காததால்தான் இறந்தார் என்கிறார்கள். அது வீரமா, 21 வயதுப் பையனின் அவசரமா? அவர் வாழ்க்கையையும் அந்த நாளையும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?"

இறங்கியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்பது சரிதான். அவசரம் என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அவசரத்தை அன்று காலை அவர் செய்த வேறு ஒரு காரியத்தில்தான் நான் பார்க்கிறேன். கடைசி முடிவு நிதானமாகக் கணக்குப் போட்டு எடுத்தது. ஏன் என்று புரிய, அவர் நின்ற இடம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளில் அந்த இடம்தான் விடுபட்டுப் போகிறது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இறந்து, போர்க்கள வீரத்துக்கான நாட்டின் உயரிய விருதான பரம்வீர் சக்ராவைப் பெற்றவர். 1950 அக்டோபர் 14, புனேயில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய பாகிஸ்தானில் உள்ள சர்கோதா; பிரிவினையில் இந்தப் பக்கம் வந்தவர்கள். அப்பா எம். எல். கேத்ரபால் ராணுவப் பொறியாளர் படையில் அதிகாரி, பிறகு பிரிகேடியர் ஆனவர். தாத்தா முதல் உலகப் போரில் இருந்தவர். கொள்ளுத்தாத்தா சீக்கியப் படையில் சேர்ந்து, சில்லியன்வாலாவில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சண்டை போட்டவர் என்பது குடும்ப வரலாறு. அந்த வீட்டில் பையன் ராணுவத்துக்குப் போனது யாருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்காது.

சனாவர் லாரன்ஸ் பள்ளியில் படித்தார். நன்றாக நீந்துவார், சாக்ஸபோன் வாசிப்பார். 1967 ஜூனில், பதினேழு வயதுகூட நிரம்பாத நிலையில், கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தார். 38-வது கோர்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் ஸ்குவாட்ரன். அங்கே ஸ்குவாட்ரன் கேடட் கேப்டனாகவும் இருந்தார். பிறகு டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி. 1971 ஜூன் 13 அன்று செகண்ட் லெப்டினன்டாக வெளியே வந்து, 17 பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார்.

அந்த ரெஜிமென்ட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெயரில் குதிரை இருந்தாலும் அது அப்போதே டாங்கிப் படை. ஆறு வருடம் முன்னால், 1965 போரில், இதே ரெஜிமென்ட்டின் கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் தாராபூர் சியால்கோட் பகுதியில், காயம்பட்ட பிறகும் களத்தை விட்டு நகர மறுத்துச் சண்டை போட்டு, செப்டம்பர் 16 அன்று இறந்தார். அவருக்கும் பரம்வீர் சக்ரா கிடைத்தது. ஆக, அருண் போய்ச் சேர்ந்த மெஸ்ஸில் அது எங்கோ நடந்த பழங்கதை கிடையாது. தாராபூருடன் களத்தில் இருந்தவர்கள் அங்கே இன்னும் சர்வீஸில் இருந்தார்கள். புதிதாக வரும் ஓர் இளைஞன் 'இந்த ரெஜிமென்ட்டில் கமாண்டர் என்றால் இப்படித்தான்' என்ற அளவுகோலோடுதான் வளர்வான்.

டாங்கிப் படையில் புதிதாகச் சேரும் அதிகாரிகள் அகமதுநகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி முடிக்க வேண்டும். பீரங்கி சுடுவது, வண்டியின் இயந்திரம், வயர்லெஸ், உத்தி எல்லாம் அங்கேதான். அருண் அந்தப் பயிற்சியில் இருந்தபோதே போர் மேகம் திரண்டது. பாதியிலேயே ரெஜிமென்ட்டுக்குத் திரும்ப உத்தரவு வந்தது. போகிற வழியில் டெல்லியில் வீட்டுக்கு வந்தவர், கால்ஃப் மட்டைகளையும் விருந்துகளுக்குப் போடும் நீலச் சீருடையையும் எடுத்து வைத்துக்கொண்டாராம். போருக்குப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, லாகூரில் கால்ஃப் ஆடப் போகிறேன், வெற்றி விருந்துக்கு உடை வேண்டாமா என்றாராம். 21 வயது என்பது இந்தப் பேச்சில் தெரிகிறது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

இனி நிலம். ஜம்முவுக்குத் தெற்கே, ஷகர்கர் என்ற ஊரை ஒட்டிப் பாகிஸ்தான் எல்லை இந்தியாவுக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும். பதான்கோட்டிலிருந்து ஜம்மு போகும் சாலை அந்தப் புடைப்புக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அந்தச் சாலை அறுந்தால் காஷ்மீருக்கு நிலவழியே இல்லை என்ற நிலை. அதனால் 1971 டிசம்பர் 3 அன்று மேற்கிலும் போர் வெடித்ததும், இந்தியா அந்தப் புடைப்புக்குள் தானே நுழைந்தது. குறுக்கே பசந்தர் ஆறு. ராவியில் போய்ச் சேரும் சின்ன ஆறுதான். டிசம்பரில் பயமுறுத்தும் அளவுக்குத் தண்ணீர் இருக்காது. பயம் தண்ணீரில் இல்லை. ஆற்றின் இரு பக்கமும் பாகிஸ்தான் ராணுவம் விதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளில் இருந்தது. வெடிவயல்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் அகலம்.

டிசம்பர் 15 இரவு 47-வது காலாட்படை பிரிகேட் ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்தது. இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: அப்படிக் கடந்த பட்டாலியன்களில் ஒன்று 16 மெட்ராஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட், அதாவது நம் தென்னிந்தியச் சிப்பாய்கள். சராஜ் சக் கிராமத்தை அவர்கள் பிடித்தார்கள். பக்கத்தில் ஜர்பாலை 3 கிரெனடியர்ஸ் பிடித்தது. பசந்தர் என்றதும் டாங்கிச் சண்டையை மட்டும் பேசி இவர்களை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. 16 மெட்ராஸின் கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அந்தச் சண்டையிலேயே உயிர்விட்டார்; பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த விருதான மகாவீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. 3 கிரெனடியர்ஸின் மேஜர் ஹோஷியார் சிங் பரம்வீர் சக்ரா பெற்று உயிரோடு திரும்பினார். 1971 போரில் மொத்தம் நான்கு பரம்வீர் சக்ராக்கள். அதில் இரண்டு இந்த ஒரே ஆற்றங்கரையில்.

காலாட்படை அக்கரைக்குப் போய்விட்டது. டாங்கிகள் போக வேண்டுமென்றால் பொறியாளர்கள் வெடிகளை அகற்றி ஒரு பாதை போட்டுத் தர வேண்டும். நள்ளிரவு தாண்டியும் அந்த வேலை பாதியில்தான் நின்றது. அக்கரையிலிருந்தோ, எதிரி டாங்கிகளின் நடமாட்டம் கேட்கிறது என்று செய்தி மேல் செய்தி. டாங்கி இல்லாத காலாட்படை மேல் விடியற்காலையில் டாங்கிகள் பாய்ந்தால் என்ன ஆகும்? பின்னால் ஆறு, அதற்கும் பின்னால் வெடிவயல். ஓட இடமில்லை. பூனா ஹார்ஸின் கமாண்டர் ஹனுத் சிங் ஒரு முடிவெடுத்தார்: பாதை முழுசாகச் சுத்தமாகவில்லை, பரவாயில்லை, கடப்போம். வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இருட்டில் டாங்கிகள் அந்த வெடிவயலைக் கடந்து விடிவதற்குள் காலாட்படையோடு போய்ச் சேர்ந்தன. அந்த இரவில் அப்படி நடந்திருக்காவிட்டால் மறுநாள் காலைக்கு அருண் கேத்ரபால் என்ற பெயரே வந்திருக்காது. ஹனுத் சிங்குக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பரவலாகத் தெரியாத பெயர். தெரிந்திருக்க வேண்டிய பெயர்.

டிசம்பர் 16 காலை எட்டு மணி வாக்கில், புகைத்திரை போட்டுக்கொண்டு பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் டாங்கிகள் ஜர்பாலை நோக்கி வந்தன. அவர்களிடம் அமெரிக்க பாட்டன் டாங்கிகள். பூனா ஹார்ஸிடம் பிரிட்டிஷ் செஞ்சூரியன்: மெதுவாகப் போகும், ஐம்பது டன் எடை, ஆனால் கவசம் கெட்டி, பீரங்கி நம்பகமானது. தாக்குதலை எதிர்கொண்டது பூனா ஹார்ஸின் 'பி' ஸ்குவாட்ரன், அதாவது ரெஜிமென்ட்டின் டாங்கிப் பிரிவுகளில் ஒன்று. அதன் கமாண்டர் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டார். அருண் இருந்தது 'ஏ' ஸ்குவாட்ரனில். அந்த அழைப்பைக் கேட்டதும், யாரும் பெயர் சொல்லி அழைக்காமலே தன் ட்ரூப்பை, அதாவது மூன்று டாங்கிகள் கொண்ட சிறு பிரிவை, அந்தப் பக்கம் திருப்பினார். அவர் நின்றிருந்த செஞ்சூரியனின் பெயர் 'ஃபமகுஸ்தா'. சைப்ரஸ் நாட்டுத் துறைமுகத்தின் பெயர்.

போகிற வழி காலியாக இல்லை. ஆற்றைக் கடந்த இடத்தில் இன்னும் விழாமல் நின்ற எதிரி நிலைகளும் டாங்கி எதிர்ப்பு பீரங்கிகளும் சுட்டன. சுற்றிப் போக நேரமில்லை. நேராக அவற்றின் மேலேயே ஏற்றினார்; பதுங்குகுழிகளை நசுக்கிக்கொண்டு போய், பீரங்கிக்காரர்களைக் கைத்துப்பாக்கி முனையில் சிறைபிடித்தார். டாங்கிக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கைத்துப்பாக்கி நீட்ட முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். டாங்கி கமாண்டர் தலையையும் தோளையும் மேல் மூடிக்கு வெளியே வைத்து நிற்பவர். மூடிவிட்டால் பாதுகாப்பு, ஆனால் சின்னக் கண்ணாடித் துண்டு வழியாகத்தான் உலகம் தெரியும். அந்த ஓட்டத்தில் அவருடைய ட்ரூப்பின் இன்னொரு டாங்கி கமாண்டர் கொல்லப்பட்டார்.

'பி' ஸ்குவாட்ரனிடம் போய்ச் சேர்ந்த நேரம், முதல் தாக்குதலில் அடிபட்ட பாகிஸ்தான் டாங்கிகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன. அருண் துரத்தினார். ஒன்றைச் சுட்டு வீழ்த்தவும் செய்தார்.

கேள்வியில் கேட்ட அவசரம் இதுதான். நான் சொல்வதல்ல, சண்டையின் வெறியிலும் வந்த வேகத்திலும் அடித்துச் செல்லப்பட்டுத் துரத்தினார் என்ற பொருளில் அவருடைய விருதுக்கான அதிகாரபூர்வப் பாராட்டுரையே ஒளிக்காமல் சொல்கிறது. பின்வாங்கும் எதிரியைத் துரத்திப் போய் மறைவான இடத்தில் மாட்டிக்கொள்வது டாங்கிச் சண்டையில் பழைய பொறி. அனுபவமுள்ள கமாண்டர் நின்றிருப்பார். அன்று அவருக்கு விபரீதம் ஒன்றும் நேரவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் எதிரி மறுபடி திரண்டு வந்தார்கள், ஒரு முழு ஸ்குவாட்ரனாக. இந்த முறை அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், அருணும் வேறு இரண்டு டாங்கிகளும் நின்ற பகுதி. கேப்டன் மல்ஹோத்ரா ஒன்றில், லெப்டினன்ட் அலாவத் ஒன்றில், அருண் ஒன்றில். ஒரு ஸ்குவாட்ரனுக்குப் பதினான்கு டாங்கிகள் என்பது பொதுக் கணக்கு. அவர்களுக்கு எதிரே மூன்று. அங்கே நடந்த சண்டையில் பத்து பாகிஸ்தான் டாங்கிகள் வீழ்ந்தன. அவற்றில் நான்கு அருண் கணக்கில். "தனியாளாகப் பத்து டாங்கிகளை அழித்தார்" என்று பகிரப்படுவது தவறு. நான்கே போதும், அதை ஊதிப் பெருக்கினால் கூட நின்று சுட்டவர்களின் உழைப்பைத் திருடுவதாகிவிடும்.

இந்தப் பக்கமும் தேய்ந்தது. அலாவத்தின் டாங்கி அடிபட்டு அவர் காயமடைந்தார். மல்ஹோத்ராவின் பீரங்கி பழுதாகிச் சுட முடியாமல் போனது. ஃபமகுஸ்தாவும் அடிவாங்கித் தீப்பிடித்தது. அருணுக்குப் பலத்த காயம். அப்போதுதான் வயர்லெஸ்ஸில் டாங்கியை விட்டு இறங்கச் சொன்னார்கள். அவர் சொன்ன பதில் இன்று இந்திய ராணுவத்தில் மனப்பாடம்: "இல்லை சார், என் டாங்கியை விட்டு இறங்க மாட்டேன். என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது." அதன் பிறகு எதிரியைப் பற்றி ஒரு வசவு. பள்ளி விழாக்களில் அந்த வசவை மட்டும் நாசூக்காக வெட்டிவிடுவார்கள்.

அந்தப் பதிலில் நாம் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் காரணம். மூன்று டாங்கிகளில் சுடும் நிலையில் மிஞ்சியது அவருடையது ஒன்றுதான். அது மௌனமானால் அந்தப் பகுதியில் எதிரிக்கும் அக்கரையில் நிற்கும் காலாட்படைக்கும் நடுவில் தடுக்க ஒன்றுமில்லை. பின்னால் ஆறும் வெடிவயலும் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். காலையில்தான் அதைக் கடந்து வந்திருக்கிறார். இருக்கும் இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கக் கூடாது என்பதுதான் ஹனுத் சிங் ரெஜிமென்ட்டுக்குக் கொடுத்த உத்தரவு என்று சொல்லப்படுகிறது. அப்படிப் பார்த்தால், இறங்கு என்ற குரலும் நில் என்ற உத்தரவும் அன்று ஒன்றோடொன்று மோதின. டாங்கிக்குள் இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இறங்கச் சொன்னவர் ஆளைக் காப்பாற்றப் பார்த்தார், அதில் தவறில்லை. நிற்க முடிவெடுத்தவர் தன் கண்ணுக்கு எதிரே வந்துகொண்டிருந்த டாங்கிகளைப் பார்த்தார். விருதுப் பாராட்டுரை இதைக் கீழ்ப்படியாமையாகப் பார்க்கவே இல்லை. தான் விலகினால் எதிரி உடைத்துக்கொண்டு உள்ளே வருவான் என்று உணர்ந்து நின்றார் என்றுதான் சொல்கிறது.

ஆனால் ஒரு கஷ்டமான விஷயத்தையும் பேசத்தான் வேண்டும். செஞ்சூரியனில் நான்கு பேர். ஓட்டியவர் பிரயாக் சிங், சுட்டவர் நாத்து சிங், வயர்லெஸ் பார்த்துக் குண்டு போட்டவர் நந்த் சிங், மேலே கமாண்டர். அருண் எடுத்த முடிவு அவருக்கு மட்டுமானதல்ல. நான்கு உயிர்களுக்கும் சேர்த்து எடுத்தது. நந்த் சிங்கும் அன்று இறந்தார். மற்ற இருவர் பிழைத்தார்கள். அருணுக்குச் சிலை இருக்கிறது. நந்த் சிங்கின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கமாண்டர் பதவி என்பது இந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான், அதுவும் 21 வயதில். அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரே ஓர் ஆளின் தியாகமாக இதைச் சொல்வதும் சரியில்லை.

பதில் சொன்ன பிறகு இன்னொரு டாங்கியையும் அவர் வீழ்த்தினார். அதன்பின் ஃபமகுஸ்தாவுக்கு இரண்டாவது அடி. அதில் அருண் உயிர் போனது. வயது இருபத்தொன்றும் இரண்டு மாதமும். சீருடையில் அதிகாரியாக இருந்தது ஆறு மாதம், மூன்று நாள். அந்தப் பகுதியில் எதிரி உடைத்து உள்ளே வரவில்லை.

அதே நாள் மாலை கிழக்குப் போர்முனையில், டாக்காவில், பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் இரவு எட்டு மணிக்கு மேற்கிலும் போர் நின்றது. அருணின் உடலை டிசம்பர் 17 அன்று சாம்பாவுக்கு அருகில் தகனம் செய்தார்கள். போர் முடிந்துவிட்டது, பையன் திரும்பி வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு, செய்தி அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நின்றதால் உண்மையிலேயே பயன் இருந்ததா என்று நம் தரப்பிலிருந்து மட்டும் பேசினால் அது வீரவணக்கமாகத்தான் ஒலிக்கும். எதிர்த் தரப்பிலிருந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. 2001-இல், 81 வயதில், அருணின் அப்பா பிரிகேடியர் கேத்ரபால் தான் பிறந்த சர்கோதாவை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டுப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பாகிஸ்தான் ராணுவத்தில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் க்வாஜா முகம்மது நாசர். மூன்று நாள் வீடே விழுந்து விழுந்து கவனித்தது. கிளம்புவதற்கு முந்தைய இரவு நாசர் சொன்னார்: அன்று 13 லான்சர்ஸில் ஸ்குவாட்ரன் கமாண்டராக உங்கள் மகனுக்கு எதிரே நின்றது நான்தான், கடைசிக் குண்டு என் டாங்கியிலிருந்து போனது. தன் எதிரே இருந்தவர் அவ்வளவு இளையவர் என்பது போர் நின்ற பிறகே தனக்குத் தெரிய வந்தது என்றும் சொன்னார்.

பெரியவர் அந்த இரவை எப்படிக் கழித்தார் என்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. தானும் சிப்பாய், எதிரே நிற்பவரும் சிப்பாய் என்பதால் அவர் கோபப்படவில்லை என்று மட்டும் தெரிகிறது. ஊர் திரும்பிய பின் நாசர் அவருக்குப் புகைப்படங்களோடு ஒரு குறிப்பும் அனுப்பினார். 13 லான்சர்ஸின் எதிர்த்தாக்குதல் வெற்றி பெறுவதற்கும் தோற்பதற்கும் நடுவில் அசைக்க முடியாத பாறையாக நின்றவர் அருண் என்று அதில் எழுதியிருந்தார். பாகிஸ்தானியர்கள் அந்தச் சண்டையை 'படா பிண்ட்' சண்டை என்பார்கள். நாம் பசந்தர் என்கிறோம். அன்று ஆற்றங்கரையில் எது உடைய இருந்தது, எது உடையவில்லை என்று சொல்ல நாசரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. கேள்விக்கு என் பதில் அந்தக் குறிப்பின் பக்கம்தான் சாய்கிறது.

அந்த எதிர்த்தாக்குதல் தோற்றதற்கு அருண் ஒருவர் மட்டும் காரணமும் அல்ல. பாகிஸ்தான் டாங்கிகள் ஒரே வேளையில் திரண்டு வராமல் ஒரு ஸ்குவாட்ரன் போய் அடிபட்ட பின் அடுத்தது என்று நேருக்கு நேராக வந்தன. அசையாமல் நின்று குறிபார்த்துச் சுடும் செஞ்சூரியன்களுக்கு அது வசதியாகிவிட்டது. பூனா ஹார்ஸில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு ஹனுத் சிங் கொடுத்த அழுத்தமும் அன்று பலன் தந்தது.

கடைசியாகச் சில திருத்தங்கள், ஏனென்றால் இவையும் அடிக்கடி தவறாகவே வருகின்றன. பரம்வீர் சக்ரா பெற்றவர்களில் மிக இளையவர் அருண் என்பது 1999 வரைதான் சரி. கார்கிலில் டைகர் ஹில்லில் சண்டை போட்ட யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது 19 வயது. அவர் உயிரோடு திரும்பினார். உயிர்விட்டு அந்த விருதைப் பெற்றவர்களில் இன்றும் அருண்தான் இளையவர். அடுத்து, ஃபமகுஸ்தா சுக்குநூறாகிவிட்டது என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை, அந்த டாங்கி பாகிஸ்தானியர் கையில் சிக்கித் திரும்ப வந்தது, சரிசெய்யப்பட்டு அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) டாங்கிப் படையின் பயிற்சி மையத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பாதியில் விட்டுப்போன பயிற்சியை அவர் எடுத்துக்கொண்டிருந்த அதே ஊர். கடக்வாஸ்லாவின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்கள் சூட்டப்பட்டபோது அதில் ஒன்று அருணுக்கும், இன்னொன்று அதே ரெஜிமென்ட்டின் தாராபூருக்கும் போனது.